கை படாமல் வரைந்தவர்

ஆடுகோடியில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தபோது, கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் மென்பொருளை வெளியிலிருந்தே ஓட்டும் ஒரு புரோகிராம் எழுதினேன். இரும்புப் பெட்டியின் அளவுகளைக் கொடுத்தால் போதும், கோடுகள் தானாக விழும். நடுவில் யாராவது மவுஸைத் தொட்டால்தான் கெடும்.

ஒருநாள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பட்டறையைப் பார்க்க வந்தார். முதலாளி கம்ப்யூட்டர் முன்னால் இருந்த காலி நாற்காலியைக் காட்டிப் பதறினார்:

"காலி சேரைப் பார்த்தா வேலையே நடக்கலன்னு நினைப்பாரு."

இஸ்திரி போட்ட சட்டையில் இருந்த ஒரே ஆள் முதலாளியின் டிரைவர்தான். "எதையும் தொடாதப்பா, சும்மா குந்து" என்று அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார் முதலாளி.

டிரைவர் கைகட்டி உட்கார்ந்தார். திரையில் கோடுகள் பறந்தன.

"கையே படாம வரையறாரே!" என்று வாடிக்கையாளர் அசந்துபோனார். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். முதலாளி என் காலை மிதித்தார்.

அடுத்த வாரமே டிரைவரைத் தன் கம்பெனிக்கு டிசைனராக அந்த வாடிக்கையாளர் கொத்திக்கொண்டு போய்விட்டார். புரோகிராம் எழுதிய என்னை ஒரு நாய்கூடச் சீண்டவில்லை.

வேலையில் சேர்ந்த அன்றே டிரைவர் எனக்கு ஃபோன் செய்து கத்தினார்: "இன்னா சார் இது? காலையிலர்ந்து கை கட்டினுதான் குந்தினுகீறேன். இங்க இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு கோடுகூட போட மாட்டேங்குது!"