கலரக்கா குறைத்த மஞ்சள்

போட்டோ கடையில் அவளுக்குக் கலரக்கா என்று பெயர் விழுந்து வெகுகாலமாகிவிட்டது. வருகிற படங்களைக் கணினியில் திறந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்து பிரிண்ட் போடுவது அவள் வேலை. திரையைவிடத் தாளைத்தான் நம்புவாள். முதலில் சின்னத் துண்டாக ஒன்று போட்டு, அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். திரும்பி வந்து சிவப்பைக் கொஞ்சம் ஏற்றுவாள், அல்லது மஞ்சளைக் கொஞ்சம் இறக்குவாள். தானாகவே நிறம் சரிசெய்யும் வசதி அந்த மெஷினில் உண்டு. அதை அவள் அணைத்தே வைத்திருந்தாள்.

"அதுக்கு என்ன தெரியும்? அது யாரையாவது நேர்ல பார்த்திருக்கா?"

அந்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்புப் படங்கள் மொத்தமாக வந்தன. பிரிண்ட் போட்டு அனுப்பிய கட்டு மறுநாளே திரும்பி வந்தது. தலைமையாசிரியையே நேரில் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"பிள்ளைங்கல்லாம் குளிர்ல விறைச்சுப் போன மாதிரி இருக்காங்களே. உதட்டப் பாருங்க, நீலம் பாரிச்சுக் கிடக்கு."

கலரக்கா பார்த்தாள். அவள் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தவளை முந்திக்கொண்டு முதலாளி மன்னிப்புக் கேட்டு, வேறு போட்டுத் தருவதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

"மெஷின்லதான் ஏதோ கோளாறுக்கா. சர்வீஸுக்குச் சொல்லிடறேன்."

"இதத்தான் நானும் ரொம்ப நாளா சொல்றேன். மஞ்ச மையக் கக்குது. நானும் குறைச்சுக் குறைச்சுப் பார்க்கிறேன், அடங்க மாட்டேங்குது."

சர்வீஸ்காரர் வந்து எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினார். கடையில் வைத்த அளவுகள் எதுவும் சேராமல், சாம்பல் நிறப் பட்டைகள் மட்டும் கொண்ட சோதனைத் தாள் ஒன்றைப் போட்டு வாசலில் பிடித்துப் பார்த்தார்.

"சாம்பல் சுத்தமா வந்திருக்கு. மெஷின் நல்லாத்தான் இருக்கு."

கலரக்கா எட்டிப் பார்த்தாள். "எங்க சுத்தமா இருக்கு? பழைய பேப்பர் மாதிரி மஞ்சளடிக்குது."

சர்வீஸ்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கல்லாவில் இருந்த தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"சாம்பல்தான்க்கா."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன்க்கா."

சர்வீஸ்காரர் கடையின் நிற அளவுகளைத் திறந்தார். மஞ்சள் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் கிடந்தது. அதை யார் வைத்தது என்று அவர் கேட்பதற்குள் கலரக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

வீட்டில் அவள் கணவர் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டில் எதையாவது பிரிப்பதுதான் வேலை. அவள் கொட்டித் தீர்த்தாள். மூன்று பேரும் சேர்ந்துகொண்டு தன்னைக் குருடி ஆக்கப் பார்க்கிறார்கள் என்றாள். அவர் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த சட்டையை உருவி வந்தார்.

"இது என்ன கலர்?"

"வெள்ளை. இதுகூடவா தெரியாது?"

"இதப் போட்டுக்கிட்டு வெளிய போனா, புது யூனிஃபார்மான்னு கேக்கறாங்க. மஞ்சளடிக்குது, மஞ்சளடிக்குதுன்னு நீலத்தக் கொட்டிக் கொட்டி ஆகாசமா ஆக்கி வச்சிருக்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"கலரப் பத்தி உங்கிட்ட நான் வாயத் திறக்கறதா?"

அவள் சட்டையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் மருத்துவர். "மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்க்கற மாதிரி. மெதுவா வந்ததால உங்களுக்கே தெரியல." முதலில் வலது கண்ணில் அறுவை செய்தார்கள். கட்டுப் பிரித்ததும் சுவரின் வெள்ளை கண்ணைக் குத்தியது. இடக்கண்ணை மூடினால் சுவர் வெள்ளை. வலக்கண்ணை மூடினால் அதே சுவர் தேநீர் சிந்தியதுபோல. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க, உங்களுக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா?"

"நரைச்சு ரொம்ப நாளாச்சு. உனக்கு இப்பத்தான் தகவல் வந்திருக்கு."

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் மாட்டியிருந்த பேத்தியின் படம் எதிர்ப்பட்டது. அவளே பிரிண்ட் போட்டது. இன்னொன்று மகள் வீட்டிலும் தொங்குகிறது. உடனே மகளைப் போனில் அழைத்தாள்.

"அந்தப் படத்தக் கழட்டிடு, வேற அனுப்பறேன். பிள்ளை நீலமா இருக்கா."

"எனக்கும் அப்படித்தான் பட்டுதும்மா. நீ போட்டதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

பள்ளிக்கூடக் கட்டு திரும்பி வந்ததைவிட இந்தப் பதில் அவளுக்கு அதிகம் உறைத்தது.

கடைக்குத் திரும்பிய கலரக்கா, சர்வீஸ்காரர் வைத்த அளவுகளைத் தொடவில்லை. கை பரபரக்கத்தான் செய்தது. ஒரு கண் ஒன்று சொல்ல, இன்னொன்று வேறு சொன்னது. ஆகவே துண்டுப் பிரிண்டைக் கல்லாவுக்கு எடுத்துப்போய் முதலாளியின் மனைவியிடம் நீட்டினாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்குக்கா" என்றாள்.

"நல்லாருக்கான்னு உன்னை யாரு கேட்டா? முகம் எந்தப் பக்கம் சாயுது, சிவப்புக்கா, நீலத்துக்கா? அதச் சொல்லு."

பயம் தெளிய அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. பிறகு, "சிவப்பு தூக்கலா இருக்குக்கா" என்று எழுந்து நின்றே சொல்ல ஆரம்பித்தாள். இடக்கண்ணிலும் அறுவை முடிந்து பார்வை தெளிந்தபின், இனித் தனியாகவே பார்த்துக்கொள்ளலாமே என்றார் முதலாளி.

"நான் பார்க்கத்தான் போறேன். அவளும் பார்க்கட்டும்."

இருவரும் சேர்ந்து பார்ப்பதால் சண்டைக்கும் குறைவில்லை. ஒருநாள் ஒரு பெரியவர் மங்கிப்போன பழைய படம் ஒன்றைப் புதுப்பிக்கக் கொண்டுவந்தார். படத்தில் இருப்பவரின் கோட்டு பழுப்பு என்றாள் கலரக்கா. மெரூன் என்று சாதித்தாள் மற்றவள். கடைசியில் பெரியவரிடமே கேட்டார்கள்.

அவர் படத்தைக் கையில் வாங்கி யோசித்தார்.

"எங்க அண்ணன் கோட்டுதான். ஆனா கலர் எனக்கே ஞாபகமில்லையே. ரெண்டு விதமாவும் போட்டுக் குடுங்க."

கலரக்கா போய்ப் பழுப்பை முதலில் போட்டாள்.