விட்டுப்போன ஆறாவது கோவில்

ஃபபியோலா கிஷ்பேயின் மஞ்சள் குடையை மலைநகரமான கீத்தோவின் பழைய நகரத்தில் தெரியாதவர் இல்லை. மழைக்காக அவள் அதைப் பிடிப்பதில்லை. கூட்ட நெரிசலில் தன் ஆட்கள் தன்னைத் தவறவிடாமல் இருக்க, மடக்கிய குடையைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி முன்னால் நடப்பாள். பத்தொன்பது வருடமாக அதே ஏழு கோவில்கள், அதே வரிசை. காலை ஒன்பது மணிக்கு மேட்டிலிருக்கும் பசிலிக்கா பேராலயத்தில் ஆரம்பம். மாலை ஐந்து மணிக்கு சாந்தா ரீத்தா கன்னியர் மடத்தின் சின்னக் கோவிலில் முடிவு. வரிசை ஒருநாளும் மாறியதில்லை, ஒரு கோவிலும் குறைந்ததில்லை.

ஆனால் கடந்த நாலு வருடமாக அந்த ஏழாவது கோவிலின் வாசலோடு அவள் நின்றுவிடுகிறாள். "நீங்க உள்ள போங்க, எனக்கு ஒரு ஃபோன் பேசணும்" என்பாள். யாருக்கும் பேசமாட்டாள். உள்ளே கூடத்துச் சுவரில் ஒரு சுழல் பெட்டி உண்டு. மர உருளை, இந்தப் பக்கம் காசை வைத்துத் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கன்னியர் கையால் சுட்ட பிஸ்கெட் டப்பா வெளியே வரும். முகம் தெரியாது, கை தெரியாது, குரல் மட்டும் கேட்கும். பிஸ்கெட்டோடு வெளியே வருகிறவர்களிடம் ஃபபியோலா சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்பாள்: "குரல் எப்படி இருந்துச்சு? சளி புடிச்ச மாதிரி இருந்துச்சா?"

மாலை நேரத்தில் அங்கே பேசுவது அவள் மகள் யாதிரா; மடத்தில் அவளுக்கு வைத்த பெயர் சிஸ்டர் இனெஸ்.

அன்று குழுவில் ஆறு பேர். நாலு பேர் வாயே திறக்காதவர்கள். மிச்ச இருவர் குவாயாகில் துறைமுகத்திலிருந்து வந்த கணவன் மனைவி. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வாஷிங்டன் ஐயா, அவருடைய மனைவி மரூஹா. அவருக்கு வலது முழங்கால் மடங்காது. அந்தக் காலுக்காக ஏழு கோவில் நேர்ந்துகொண்டு வந்திருந்தார்.

"முதல் தடவையா ஒரு கோவிலுக்குள்ள கால் வெச்சா மூணு வரம் கேக்கலாம், தெரியுமில்ல தங்கச்சி?" என்றார் பசிலிக்கா வாசலில். "ஏழு கோவில், இருபத்தொரு வரம். ஒண்ணையும் விடமாட்டேன்."

மடங்காத காலை நீட்டிப்போட்டு, பெஞ்சைப் பிடித்து இறங்கி, கண்ணை மூடினார். பதினைந்து நிமிடம் கழித்துத்தான் எழுந்தார்.

"அப்படி என்னதான் கேட்டீங்க?" என்றாள் மரூஹா.

"ஒண்ணு முழங்காலு. ரெண்டாவது நம்ம ஊர் அணி ஜெயிக்கணும். மூணாவது சொன்னா பலிக்காது."

"இருபத்தொண்ணுல பதினாலு பந்து விளையாட்டுக்குத்தான் போவும்" என்று ஃபபியோலாவிடம் முணுமுணுத்தாள் அவள். ஃபபியோலாவும் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாவது கோவிலான மெர்சேத்தில் ஆட்கள் உள்ளே இருந்தபோது அவளுடைய ஃபோன் அடித்தது. மடத்து முனையில் தள்ளுவண்டி போட்டு, கொய்யாப்பழமும் முட்டை வெள்ளையும் அடித்த நுரை மிட்டாய் விற்கும் தார்ஹேலியா.

"ஏடி, உக்காந்திருக்கியா?"

"நான் உக்காந்து எப்பவாச்சும் பாத்திருக்கியா? சொல்லு."

"உன் பொண்ண குவெங்காவுக்கு அனுப்பறாங்களாம். இன்னிக்கே. நாலரைக்கு வண்டி."

ஃபபியோலா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்த ஊர் மடத்துல கிழவிங்க மட்டும்தான் மிச்சமாம். போனா சாவுற வரைக்கும் அங்கதான். மடத்துக்குக் காய்கறி இறக்கறவன் சொன்னான்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்கு மகளே இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். அதனாலதான் தினம் சாயங்காலம் என் வண்டிகிட்ட நின்னு அந்தச் சுவரையே முறைச்சிட்டு இருக்க. இந்தா பாரு, பதினோரு மணிக்குப் பெட்டிய சாத்தப் போறாங்க. திரும்ப மூணரைக்குத் தொறந்து, இன்னிக்கு நாலரைக்கே மூடிருவாங்க. அவ்வளவுதான் உனக்கு நேரம்."

ஃபபியோலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. ஓடினாலும் பத்து நிமிடத்தில் போய்ச் சேர முடியாது. உள்ளே வாஷிங்டன் ஐயா ஐந்தாவது வரத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு அவள் கால் தரையில் பாவவில்லை. கதீட்ரலில் நூறு வருடங்களை இரண்டு வாக்கியத்தில் தாண்டினாள். கொம்பஞ்ஞீயாவில் சுவர் முழுக்கப் பொன் தகடு மின்னிக்கொண்டிருக்க, வழக்கமாக அரைமணி நேரம் சொல்லும் கதையை அன்று ஆறு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். நாலே நாள் வந்துபோகிறவர்களுக்கு எது குறைந்தது என்று தெரியாது. அவளுக்குத் தெரியும். குறைந்த ஒவ்வொரு கதைக்கும் பின்னால் ஒரு சிறுமி நின்றாள்.

புருஷன் செத்தபோது யாதிராவுக்கு ஏழு வயது. வீட்டில் விட்டுவர ஆளில்லை. பள்ளி இல்லாத நாளெல்லாம் அம்மாவோடு ஏழு கோவிலும் நடப்பாள். பழைய கோவில்களின் வாசலில் தேய்ந்த கல்படி ஒன்று இருக்கும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிறவர்கள் அதில் தடுக்கி விழுவார்கள். குழந்தை முந்திக்கொண்டு ஓடி வாசலில் நின்றுகொள்ளும். வருகிறவர்களிடமெல்லாம், "ஒரு படி இருக்கு, பாத்து வாங்க" என்று சொல்லும். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்து, அம்மா சொல்லும் புனிதர் கதைகளை வாய் பிளந்து கேட்கும். எத்தனை தடவை கேட்டாலும் அதே இடத்தில் அதற்குக் கண் கலங்கும்.

பத்தொன்பது வயதில் அந்தப் பெண் வந்து, "அம்மா, நான் மடத்துக்குப் போறேன்" என்றது. ஃபபியோலா அழுதாள், கெஞ்சினாள், தட்டை வீசினாள். கடைசியில் மடத்து வாசல்வரை பின்னாலேயே போய், ஊர் பார்க்கச் சொன்னாள்: "இந்த வாசலைத் தாண்டினா எனக்கு மக இல்ல." மகள் தாண்டினாள். திரும்பிப் பார்த்தாளா? அதைப் பார்க்க ஃபபியோலா அங்கே நிற்கவில்லை.

யார்மேல் கோபம்? நாலு வருட இரவுகளில் அவள் கண்டுபிடித்தது ஒன்றுதான். தான் சம்பளத்துக்குச் சொன்ன கதைகளை மகள் நம்பிவிட்டாள். தன் வாயே தன் பிள்ளையைக் கொண்டுபோய் அந்தச் சுவருக்குப் பின்னால் வைத்துவிட்டது.

மத்தியானச் சாப்பாடு ஏற்பாட்டில் இருந்தது, தவிர்க்க முடியாது. கெட்டியான உருளைக்கிழங்கு சூப், பாலாடைக்கட்டி, வெண்ணெய்ப்பழம். வாஷிங்டன் ஐயா கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"இந்த மலைக்காரங்க உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்க உருளைக்கிழங்கு சாப்பிடறாங்க. ஒரு மீன் துண்டு மிதந்தா என்னவாம்?"

"மீனு மலையேறி வரணுமே ஐயா. வேகமா சாப்பிடுங்க."

"இந்த உசரத்துல மூச்சு விடவே நேரம் பத்தல, இதுல வேகமா வேற சாப்பிடணுமா?"

ஐந்தாவது கோவிலான சான் ஃபிரான்சிஸ்கோவை விட்டு வெளியே வரும்போது மணி மூன்று ஐம்பது. மழை பிடித்துக்கொண்டது. வாஷிங்டன் ஐயா மட்டும் இன்னும் உள்ளே. ஃபபியோலா தூணோரம் நின்று குடைப்பிடியால் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"ஐயா, ஆண்டவருக்குக் காது செவிடு இல்ல. ஒருதரம் சொன்னா போதும்."

கோவிலில் பாதிப் பேர் திரும்பினார்கள். அவர் கண்ணைத் திறந்தார். மரூஹா பாய்ந்து வந்தாள். "என்னம்மா இது? காசு குடுத்து வந்திருக்கோம். வேண்டிக்கறதுக்குக்கூடவா மணி பாப்பீங்க? காலைலேர்ந்து ஆட்டு மந்தைய ஓட்டற மாதிரி ஓட்டறீங்க."

பத்தொன்பது வருடத்தில் ஒரு பயணியிடமும் தன் வீட்டுக் கதையைச் சொல்லாத ஃபபியோலா அன்று சொல்லிவிட்டாள். ஐந்தாறு வாக்கியம்தான். அவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் மூன்று இடத்தில் உடைந்தது.

வாஷிங்டன் ஐயா எழுந்திருக்கக் கையை நீட்டினார். "இத முதல் கோவில்லயே சொல்லியிருக்கலாம்ல தங்கச்சி. மூணாவது வரத்துல உங்களையும் சேத்திருப்பேன். நடங்க."

"இன்னும் சாந்தோ தொமிங்கோ இருக்குங்க. ஆறாவது."

"அத விட்டுருங்க."

"ஏங்க," என்று பதறினாள் மரூஹா, "ஆறு கோவில்னா இரட்டைப்படை. நேர்ச்சை கெட்டுப்போயிரும். உங்க காலு?"

"அறுபத்தெட்டு வருஷமா என்கூட இருக்கற காலு. இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கும்." அவர் ஃபபியோலாவைப் பார்த்தார். "என்ன நிக்கறீங்க? நான் பஸ் ஓட்டினப்பகூட இவ்வளவு நேரம் ஒரு நிறுத்தத்துல நின்னதில்ல."

அந்த மழையில் ஆறு பேரும் ஒரு மஞ்சள் குடையின் பின்னால் ஓடினார்கள், வாஷிங்டன் ஐயா காலை இழுத்தபடி. சாந்தோ தொமிங்கோவின் கதவு திறந்தே கிடந்தது. ஃபபியோலா அதன் எதிரே கடந்துபோகும்போது சிலுவை போட்டுக்கொண்டாள், நிற்கவில்லை. மடத்து முனையில் தார்ஹேலியா தள்ளுவண்டியை விட்டுவிட்டு நடுரோட்டில் நின்றாள். "வண்டி வந்து நிக்குது, ஏடி. பெட்டி இன்னும் தொறந்திருக்கு. போ."

நாலு இருபது. நாலு வருடம் தாண்டாத வாசலை ஃபபியோலா தாண்டினாள். கூடத்தில் யாருமில்லை. சுவரில் அந்த மர உருளை, பக்கத்தில் ஒரு சின்ன மணி. மணியை அடித்தாள். பயணிகளுக்கு நூறுமுறை சொல்லிக்கொடுத்த வாழ்த்து அவள் வாயில் வர மறுத்தது.

"மாசில்லாத மரியே வாழ்க" என்றாள் ஒருவழியாக.

"பாவமில்லாமல் உற்பவித்தவளே வாழ்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல். கிழட்டுக் குரல். "என்ன வேணும், அம்மா?"

ஃபபியோலா மர உருளையை நெருங்கிக் குனிந்தாள். "இங்க… சாயங்காலத்துல ஒரு சின்னப் பொண்ணு இருப்பாங்களே."

"சிஸ்டர் இனெஸா? அவ கிளம்பிட்டு இருக்கா. இன்னிக்குப் பயணம். யாரு கேக்கறதுன்னு சொல்லட்டும்?"

வழிகாட்டி என்று சொல்லலாம். தெரிந்தவள் என்று சொல்லலாம். தன் வாயால் இல்லை என்று அறிவித்த உறவை, முகம் தெரியாத ஒருத்தியிடம் மர உருளையைப் பார்த்து எப்படிச் சொல்வது? மழைநீர் அவள் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே வண்டியின் எஞ்சின் உறுமத் தொடங்கியது.

"அவ அம்மான்னு சொல்லுங்க" என்றாள்.

உள்ளே செருப்புச் சத்தம் தேய்ந்து தூரமாகப் போனது. பிறகு ஓடிவரும் சத்தம். மடத்தில் ஓடக்கூடாது என்று நினைவு வந்ததுபோல நடையாக மாறும் சத்தம். மூச்சு வாங்கும் ஓசை மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"மாசில்லாத மரியே வாழ்க" என்றது அந்தக் குரல். சளி இல்லை. கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

பத்தொன்பது வருடம் பேசியே பிழைத்தவள் ஃபபியோலா. மன்னிப்புக் கேட்க வந்தவள். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஒரு டப்பா பிஸ்கெட்."

அந்தப் பக்கம் மெதுவாக ஒரு விசும்பல். சிரிப்பாகவும் இருக்கலாம். உருளை சுழன்றது. நூல் கட்டிய டப்பா வந்தது. ஃபபியோலா டப்பாவை எடுத்துக்கொண்டாள். காசு வைக்கவேண்டிய இடத்தில் தன் மஞ்சள் குடையை வைத்தாள். சரியாகப் பொருந்தவில்லை, சாய்த்து, கைப்பிடியை உள்ளே தள்ளி வைத்தாள்.

"குவெங்கால குளிரு ஜாஸ்தி" என்றாள். "மழையும் ஜாஸ்தி. அன்னிக்கு வாசல்ல நான் சொன்னத…" உருளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அத நான் சொல்லல, கண்ணு. சொல்லவே இல்லன்னு வெச்சுக்கோ."

உருளை திரும்பியது. குடை மறைந்தது. மணி அடித்தது, உள்ளே யாரோ அழைத்தார்கள். போய்விட்டாள் என்றே ஃபபியோலா நினைத்தாள். நெற்றியை மரத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான், மரத்துக்கு மிக அருகிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"வெளிய போறப்ப ஒரு படி இருக்கும்மா. பாத்துப் போங்க."

ஃபபியோலா படியைப் பார்த்தே இறங்கினாள். கண் முழுக்கத் தண்ணீர் இருந்தும் தடுக்கவில்லை. சாம்பல் நிற வண்டி மடத்தின் பக்கவாட்டுக் கதவிலிருந்து கிளம்பி, திரை போட்ட ஜன்னல்களோடு மழைக்குள் போனது. முனை திரும்பும்வரை அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மடத்துக் கோவிலுக்குள் போய் வேண்டிக்கொண்டு வந்திருந்த ஆறு பேரும் தார்ஹேலியாவின் வண்டிக் கூரைக்கடியில் ஒண்டிக்கொண்டு நுரை மிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். மரூஹா தன் சால்வையை எடுத்து அவள் தலையில் போட்டாள். வாஷிங்டன் ஐயா தொண்டையைக் கனைத்தார்.

"குரல் எப்படி இருந்துச்சு, தங்கச்சி?"

"நல்லா இருந்துச்சுங்க."

"அப்ப சரி. எனக்கு ஒரு கோவில் பாக்கி இருக்கு."

குடை இல்லாமல் எப்படிக் கூட்டத்தை நடத்துவது? ஃபபியோலா ஒரு கணம் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு பிஸ்கெட் டப்பாவைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள்.

"எல்லாரும் என் பின்னால வாங்க" என்றாள். மழையில் முன்னால் நடந்து, சாந்தோ தொமிங்கோ வாசலுக்கு முதல் ஆளாகப் போய் நின்று, ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். வாஷிங்டன் ஐயா மண்டியிட்டு எழுந்திருக்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.