மூடி தெரியாத பெட்டி

பிஸ்கட் டின்னுக்குள் நிஜமாகவே பிஸ்கட் இருக்கிற வீடு எங்கள் மோலோ ஊரில் ஒன்றே ஒன்றுதான். மனாங் நெலிங் இன்று காலையும் கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து, அந்த நீல டின்னுக்குள் வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். மற்ற வீடுகளில் அதைத் திறந்தால் ஊசி, நூல், பொத்தான். ஆசையாகத் திறந்து ஏமாறாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. அதனாலேயே நெலிங் அதில் நூல் வைப்பதில்லை. "எல்லாரும் முதல்ல திறந்து பாக்கற டப்பா அது. அங்க போய் யாராச்சும் ஒளிச்சு வெப்பாங்களா?" என்பாள்.

மனாங் என்றால் அக்கா. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. குள்ளமான உடம்பு. நரைத்த கூந்தலைப் பென்சில் ஒன்றைச் செருகிக் கொண்டை போட்டிருப்பாள். உற்றுப் பார்த்தால் அது பென்சில் அல்ல, நூல் பின்னுகிற குரோஷா ஊசி; முனையைக் கூந்தலுக்குள் விட்டு, வெளியே தெரிகிற பகுதிக்கு மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறாள். வீட்டுக்குள் போனால் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். ஒரு துணுக்கு நூல் கண்ணில் படாது.

சாப்பாட்டு மேசைக்கு மேலே எல்லார் வீட்டையும் போல இயேசுவின் கடைசி இராவுணவுப் படம். அதன் சட்டத்தைக் கதவைப் போல இழுத்தால், அப்போஸ்தலர்களின் முதுகுக்குப் பின்னால் நூல்கண்டுகள் நிறம் நிறமாக நிற்கும். பக்கத்தில் மாட்டியிருக்கும் பெரிய மரக்கரண்டியின் குழிக்குள் கத்தரிக்கோல். அலமாரியில் தோல் அட்டை போட்ட கலைக்களஞ்சியங்கள் வரிசையாக இருக்கின்றன. முதுகுகள் மட்டும்தான் புத்தகம், பின்னால் அட்டைப்பெட்டி, அதில் லேஸும் ரிப்பனும். இவை ஒன்றும் கடையில் வாங்கியவை அல்ல. பழைய சட்டம், பால்மாவு டின், கிழிந்த ஜீன்ஸ், அரிசிக் கஞ்சிப் பசை, இவ்வளவுதான் மூலதனம். மூடி வருகிற விளிம்பை எந்தப் பின்னலுக்கு அடியில் மறைப்பது என்பதில்தான் அவளுடைய மூளையெல்லாம் வேலை செய்யும். "மூடி எங்கன்னு தெரிஞ்சா அது டப்பா. தெரியலைன்னாதான் அலங்காரம்."

யாரிடமிருந்து ஒளிக்கிறாள்? திருடனிடமிருந்தா? புருஷனிடமிருந்து!

புருஷன் பானியோ, கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை பார்த்தவர். கல்யாணமான வருடம் முதல் விடுமுறைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வைத்த முதல் அடியிலேயே தைத்துவிட்டது ஊசி. "இது வீடா, நூல் கடையா? கப்பல்ல இப்படிப் போட்டு வெச்சா வேலைய விட்டே தூக்கிடுவான்" என்றார். மாமியார் சிரித்தாள். கூட வந்திருந்த கப்பல்காரர்களும் சிரித்தார்கள். நெலிங் அப்போது சின்னப் பெண். அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் வாரி அரிசிப் பானைக்குப் பின்னால் திணித்தவள்தான், அதற்கப்புறம் அவர் கண்ணில் ஒரு நூலையும் காட்டவில்லை.

முதலில் அது சுலபமாகத்தான் இருந்தது. அவர் வருடத்தில் இரண்டு மாதம்தான் கரையில் இருப்பார். மிச்ச நாளெல்லாம் வீடு அவளுடையது; கூடம் முழுக்கப் பரப்பிக்கொண்டு பின்னுவாள். பின்னியதை என்ன செய்வது? மேசை விரிப்பாகப் போடுவாள், நாற்காலி முதுகில் தொங்கவிடுவாள். விடுமுறைக்கு வந்தவர் "நல்லா இருக்கே, எங்க வாங்கின?" என்று கேட்டதும் வாயில் வந்ததைச் சொன்னாள். "மடத்து சிஸ்டருங்ககிட்ட." சொன்னது சொன்னதுதான். மடத்துக் கன்னியர் பேரில் அந்த வீட்டில் விரிப்புகள் பெருகின. பானியோ அவற்றில் இரண்டைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கப்பல் கேப்டனின் மனைவிக்குப் பரிசாகக் கொடுத்தார். திரும்பி வந்து, "அந்த சிஸ்டருங்களுக்குக் கை என்ன கை, நெலிங். கேப்டன் பொண்டாட்டி அசந்து போயிட்டா" என்றார். நெலிங் மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டு, "ஆமாம், பாவம், நாள் முழுக்க உக்காந்து பண்றாங்க" என்றாள். தனக்கு வந்த பாராட்டை எடுத்து முன்பின் தெரியாத கன்னியருக்குக் கொடுத்த பெண்ணை வேறெங்கே பார்ப்பது? இந்த இடத்தில் அவளைத் திட்டாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பானியோ ஓய்வு பெற்று வந்துவிட்டார். இப்போது தினமும் வீட்டில். காலையில் ஊர்த் திடலான பிளாசாவில் மற்ற கப்பல்காரர்களோடு சதுரங்கம் ஆடப் போகிற நேரம்தான் அவளுக்கு மிச்சம். ஒளிவிடங்கள் அதற்குப் பிறகுதான் இன்னும் நுணுக்கமாயின. இந்தக் கெட்டிக்காரத்தனத்தில் பாதியைச் செலவழித்து அவரிடம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மகள் மரிவிக்குக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அந்த ஆரம்பம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். பேத்தியின் ஞானஸ்நானத்துக்குத் தானே ஓர் உடை பின்ன வேண்டும். பாதம் தாண்டி இறங்கும் வெள்ளை உடை, கழுத்தில் முத்துப் பொத்தான். கோயிலில் குழந்தை அதைப் போட்டுக்கொண்டு வரும். பானியோ வழக்கம்போல, "சிஸ்டருங்க பண்ணதா?" என்று கேட்பார். அப்போது எல்லார் முன்னாலும், "இல்ல, நான் பண்ணது" என்று சொல்லிவிடுவாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

உடை வளர்ந்தது ஒரு முக்காலிக்குள். முக்காலி என்று சொல்வதே தப்பு, அதற்குக் காலே இல்லை. பால்மாவு டின்களை ஒன்றைச் சுற்றி ஒன்றாக நிறுத்திக் கட்டி, மேலே பஞ்சு வைத்து, பூப்போட்ட துணியைப் பாவாடை மாதிரி தரை வரைக்கும் தைத்துவிட்டிருந்தாள். மேல்மெத்தையைத் திருகினால் கழன்று வரும். நடு டின்னுக்குள் சுருட்டி வைத்த வெள்ளை உடை. பானியோ தினமும் அதன்மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார்.

உடை முடிய, பொத்தான் மட்டும்தான் பாக்கி. கோயிலில் நவநாள் ஜெபம் என்று பொய் சொல்லிவிட்டு, பொத்தான் வாங்க டவுனுக்குப் போனாள். அந்தக் காலைப் பொழுதில்தான் எதிர்வீட்டுத் தியோ குலாஸ், தெருவுக்கே மாமா, மாரடைப்பில் போய்விட்டார்.

சாவு வீடு என்றால் எங்கள் தெருவில் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அவரவர் வீட்டிலிருந்து நாற்காலியும் பெஞ்சும் தானாகப் போய்ச் சேரும். அடக்கம் வரைக்கும் ஒன்பது நாள் கண்விழிப்பு. அத்தனை பேருக்கும் உட்கார இடம் வேண்டாமா? பானியோ தாராள மனசுக்காரர். நான்கு நாற்காலியையும் கொண்டுபோய்ப் போட்டார். அது போதவில்லை என்று பார்த்ததும், பூப்போட்ட முக்காலியையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டார்.

நெலிங் ஜீப்னி வண்டியிலிருந்து இறங்கியபோது தெருவில் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. அதற்கு அடியில் வார்டு உறுப்பினர் சீட்டாடிக்கொண்டிருந்தார். தெருவிலேயே கனமான ஆசாமி. எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லவும் வேண்டுமா?

"மனாங், வா, இப்படி உக்காரு" என்றாள் செத்தவரின் மனைவி தியா பசிங், அழுத கண்ணோடு.

நெலிங் உட்காரவில்லை. "அந்த முக்காலி..." என்று ஆரம்பித்தாள். "அது கொஞ்சம் ஆடும். வேற கொண்டு வந்து தரேன்."

"இதுவா?" வார்டு உறுப்பினர் அதன்மேல் ஒருமுறை குதித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு மனாங். யார் பண்ணது இது?"

பக்கத்திலேயே காப்பித் தட்டோடு பானியோ நின்றார். "சிஸ்டருங்க பண்ணது" என்றார் பெருமையாக.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். 'உள்ளே குழந்தை உடை இருக்கிறது' என்று ஒரு வார்த்தை. முக்காலி அங்கே வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தியா பசிங்கே ஆளை எழுப்பி எடுத்துக் கொடுத்திருப்பாள். நெலிங்கும் வாயைத் திறந்தாள். வந்தது என்னவோ, "காப்பி இருக்கா?" என்பதுதான்.

சாவு வீட்டிலிருந்து நேராக யாரும் தங்கள் வீட்டுக்குப் போவதில்லை. வழியில் ஒரு கடையிலாவது நின்று, கூட வருகிற ஆவியை அங்கேயே உதறிவிட்டுத்தான் போவார்கள். அங்கே பரிமாறியதில் ஒரு மிட்டாய்கூட வீட்டுக்கு வராது. அப்படியிருக்க, கைக்குழந்தையின் ஞானஸ்நான உடை சவப்பெட்டிக்கு எதிரே ஒன்பது நாள் கிடந்தால்? தினமும் நெலிங் போனாள், ஜெபமாலையில் உட்கார்ந்தாள். வாய் மந்திரம் சொன்னது, கண் முக்காலியின்மேல் இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவாள். பானியோ எங்கேயாவது நின்றுகொண்டிருப்பார். பேசாமல் திரும்பி வருவாள். வரும் வழியில் கடையில் நின்று உதறிவிட்டு வர மட்டும் அவள் மறந்ததில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பானியோவே முக்காலியைத் தூக்கி வந்தார். துணி அழுக்காகியிருக்கிறதே என்று புரட்டினார். மெத்தை கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தார். வெளியே எடுத்தார். அது அவர் கையில் நீளமாக இறங்கித் தரையைத் தொட்டது.

"நெலிங், இது என்ன?"

"மரிவிக் பாப்பாவுக்கு."

"அடேயப்பா. சிஸ்டருங்க பண்ணதா?"

எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த கேள்வி. கோயிலில் கேட்டிருக்க வேண்டியது, அடுக்களை வாசலில் வந்து விழுந்தது. அவளுக்கு அழுகை வந்தது. "நான் பண்ணது. எல்லாமே நான் பண்ணதுதான். சிஸ்டருங்க ஒண்ணும் பண்ணல."

பானியோ அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எல்லாமேன்னா?"

"மேசை விரிப்பு. கேப்டன் பொண்டாட்டிக்குக் குடுத்தியே, அது. எல்லாம்."

"ஏன் சொல்லல?"

"நீதானே சொன்ன. வீடா, நூல் கடையான்னு."

"நானா? எப்போ?"

அவர் நடிக்கவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தார், நினைவில்லை. ஊசி குத்தியதுகூட நினைவில்லை. அதுதான் நெலிங்கை அடித்துப் போட்டது. ஆயுசு முழுக்க எந்த வார்த்தைக்குப் பயந்து பெட்டி மேல் பெட்டியாகச் செய்து குவித்தாளோ, அந்த வார்த்தையைச் சொன்னவர் அன்றைக்குச் சாயங்காலமே மறந்துவிட்டிருந்தார்.

"இதையே பாப்பாவுக்குப் போடலாம். சாவு வீட்டுல இருந்தது யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் பானியோ.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

பேத்திக்குக் கடையில் வாங்கிய உடைதான் போட்டார்கள். பளபளவென்ற சாட்டின், கழுத்து குத்துகிறது என்று குழந்தை கோயில் முழுக்க அழுதது. சாமியார் தண்ணீர் ஊற்றும்போது நெலிங் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பானியோ சும்மா இருக்கிறவர் இல்லை. எல்லாவற்றையும் காட்டச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்தவர் மாதிரி பின்னாலேயே போனார். கடைசி இராவுணவுப் படத்தைத் திறந்தபோது, "இத்தனை நாளா நான் யார் வீட்டுல சாப்பிட்டேன்?" என்றார். கோபத்தில் கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். மறுவாரம் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினார். "இனிமே எல்லாம் இதுல வை. வர்றவங்க பாக்கட்டும்." நெலிங் தலையாட்டினாள். அதில் இப்போது காப்பிக் கோப்பைகள் இருக்கின்றன.

வெள்ளை உடையை என்ன செய்தாய் என்று அவர் கேட்டபோது, கொல்லையில் வைத்து எரித்துவிட்டதாகச் சொன்னாள். எரிக்கவில்லை. ஊசி பிடித்த கையால் தீக்குச்சியைக் கிழிக்க முடியவில்லை. குழந்தை இயேசு சுரூபம் நிற்கிற மரப்பீடத்துக்குப் பின்பலகை ஒன்று செய்து, அதற்குள் மடித்து வைத்து, மேலே சிவப்பு வெல்வெட்டைச் சுற்றித் தங்க நாடா ஒட்டிவிட்டாள். மூடி எங்கே என்று அவளுக்கே தடவிப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போதெல்லாம் பானியோவுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வீட்டில் எதைக் கடந்து போனாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார். கட்டில் கால், ஜன்னல் பலகை, மாடிப்படி. நேற்று மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர் பீடத்தையும் தட்டினார்.

"இதுலயும் ஏதாச்சும் இருக்கா, நெலிங்?"

அடுக்களையிலிருந்து அவள் திரும்பாமலே சொன்னாள். "அதுல என்ன இருக்கு? வெறும் கட்டை."

எண்ணெய்த் தொட்டிகளைத் தட்டியே காலியா நிறைவா என்று சொல்லிப் பழகிய கை அது. மறுபடி ஒருமுறை, மெதுவாகத் தட்டினார். துணி திணித்த சத்தம். அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் முதுகுதான் தெரிந்தது. தட்டின இடத்தில் வெல்வெட் கொஞ்சம் குழிந்திருந்தது. அதை உள்ளங்கையால் நீவிச் சரிசெய்துவிட்டு, மெழுகுவர்த்தியை ஏற்றினார்.