பின்வாசல் வழியாக வந்த மாமனார்

ஐஸ் தொழிற்சாலையில் கொக்கி பிடித்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே பெயர்தான்: ஐஸ்பெட்டி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று எங்கோ இருந்தது. சம்பளம் கொடுக்கும் முதலாளியே அதை மறந்துவிட்டார். ஐஸ் பார் என்கிற ஆளுயரக் கட்டியைக் கொக்கியால் இழுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, மீன் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோய்ப் போடுவது அவன் பிழைப்பு. விரல்கள் எப்போதோ மரத்துப்போயிருந்தன. கொதிக்கிற டம்ளரைக் கையில் பிடித்தபடி சாவகாசமாகக் கதை பேசுவான். பார்க்கிறவர்களுக்குத்தான் கை சுடும்.

அந்த மரத்த விரல்களுக்குத் தன் ஒரே மகளைக் கொடுக்க மாமனாருக்கு மனமே இல்லை. ஓய்வுபெற்ற பஸ் செக்கிங் இன்ஸ்பெக்டர் அவர். மகள் பிடிவாதமாய்க் கட்டிக்கொண்டாள். அன்று மூடிய வாய், மருமகனிடம் திறக்கவேயில்லை. இத்தனைக்கும் ஒரே வீடு.

"மோட்டாரைப் போடச் சொல்லும்மா அவனை" என்பார் மகளிடம்.

"போட்டாச்சுன்னு சொல்லு உங்கப்பாகிட்ட" என்பான் அவன், அவர் மூக்குக்கு நேராக நின்றுகொண்டு.

நடுவில் அகப்பட்ட அந்தப் பேதைப்பெண் அழுவாளா, சிரிப்பாளா? பெரும்பாலும் சிரித்துவிடுவாள்.

அந்த வருஷத்து வெயில் இருக்கிறதே, அதற்கு ஈவிரக்கமே இல்லை. தார்ச்சாலை இளகிச் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது. காக்கைகள் வாயைப் பிளந்தபடி குழாயடியில் உட்கார்ந்திருந்தன. மின்சாரம் போனது போனதுதான். மாமனாரோ தகரக் கூரை போட்ட மாடி அறையை விட்டு இறங்க மறுத்தார். மருமகன் கொண்டுவந்த ஐஸ் போட்ட தண்ணீரைத் தொடவும் மறுத்தார்.

"அவன் ஐஸைக் குடிச்சுத்தான் நான் உயிர் வாழணுமா?"

ஒருநாள் உச்சி வெயிலில் மகள் தொழிற்சாலைக்குத் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"ஏங்க, அப்பா அலமாரியைப் பார்த்து டிக்கெட் கேக்கறாருங்க! உடம்பு அனலாக் கொதிக்குது. ஆம்புலன்ஸுக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்கறான்!"

ஐஸ்பெட்டி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வண்டியில் இருந்த ஐஸ் பாரை உடைத்தான். வீட்டுக்குப் பறந்தான். மாமனாரைத் தோளில் தூக்கி இறக்கி, வண்டியில் கிடத்தி, அக்குளிலும் கழுத்தோரத்திலும் துணியில் சுற்றிய ஐஸை வைத்தான். மகள் அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். வெயில் படாமலிருக்க இருவருக்கும் மேலே ஈரச் சாக்கைக் கூடாரமாய்ப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா பேச்சை நிறுத்திட்டாருங்க!" என்று சாக்குக்குள்ளிருந்து அலறினாள்.

"என்கிட்டதானே பேசமாட்டாரு, உன்கிட்டயுமா? தட்டி எழுப்புடி!" என்று அவன் கத்தினான். குரலில்தான் கிண்டல். கண்ணீர் கன்னத்தில் வழிந்து, மோவாயை எட்டுமுன்பே வெயிலில் காய்ந்தது. அந்த மனுஷர் போய்விட்டால், வீட்டில் சண்டை போட அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மருத்துவமனை வந்தது. பதற்றத்தில் புத்தி வேலை செய்யவில்லை. கைதான் வேலை செய்தது. இத்தனை வருஷமும் எந்த வாசலுக்கு ஐஸ் கொண்டுபோனதோ, அதே வாசலுக்கு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தியது.

பின்வாசல். பிணவறை.

அங்கே காவலிருந்தவர் வழக்கம்போலக் கொக்கியோடு எழுந்து வந்தார். "என்னப்பா, இன்னிக்கு ஐஸ் பார் இவ்வளவு பெருசா இருக்கு?" என்று சாக்கை இழுத்தார்.

உள்ளிருந்து தலைவிரிகோலமாய் ஒரு பெண் நிமிர்ந்தாள். அவள் மடியில் கிடந்தவர் ஒரு கண்ணைத் திறந்து, "யாருடா நீ?" என்றார்.

ஆயுளெல்லாம் செத்தவர்களோடு குடித்தனம் நடத்திய அந்த மனிதர், உயிரோடு இருவரைக் கண்டதும் கொக்கியைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஐயோ, பழக்கதோஷத்துல இங்க வந்துட்டேனே!" என்று ஐஸ்பெட்டி தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, இவரு உசுரோட இருக்காரு, அவசரப் பிரிவு எங்கண்ணே?"

"அந்தப் பக்கம். ஆனா உள்ளே நுழைய முடியாதுப்பா, வெயில்ல விழுந்த ஜனம் முழுக்க அங்கதான். ஸ்ட்ரெச்சரே கிடைக்காது." காவலர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்கிட்ட ஒண்ணு இருக்கு. பரவாயில்லையா?"

பரவாயில்லையாவது! மாமனாரை அதில் கிடத்தி ஐஸோடு தள்ளினார்கள். உள் நடையில் எள் விழ இடமில்லாத கூட்டம். "வழி விடுங்க" என்று ஐஸ்பெட்டி தொண்டை கிழியக் கத்தினான், ஒருவரும் அசையவில்லை. அப்போது பிணவறைக் கதவைத் திறந்துகொண்டு வந்த அந்த ஸ்ட்ரெச்சர் வண்டியில் கிடந்தவர், விறைப்பாகத் தலையை உயர்த்தி, "டிக்கெட் எடுத்தாச்சா எல்லாரும்?" என்று கேட்டார்.

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒரு தாதி கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். காலில் கட்டுப் போட்டிருந்தவர் கட்டோடு ஓடினார். வண்டி நேரே டாக்டர் முன்னால் போய் நின்றது.

டாக்டரம்மா ஐஸைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. வழியிலேயே சூட்டை இறக்கிட்டீங்க. இல்லேன்னா கஷ்டம்தான்."

ஐஸ்பெட்டி சுவரில் சாய்ந்து, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதான். பிணவறைக் காவலர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அழுகிறவர்களைத் தேற்றுவது அவருக்குக் கைவந்த கலை.

இரண்டொரு நாளில் மாமனார் எழுந்து உட்கார்ந்தார். கணவனுக்கும் அப்பாவுக்குமாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த மகள், வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஐஸ்பெட்டி கதவோரம் ஒட்டி நின்று, உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கினான்.

உள்ளே மாமனார் பக்கத்துக் கட்டில்காரரிடம் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உலகத்துல எவனாவது செய்வானாய்யா? மாமனாரை நேரா பிணவறைக்கே கொண்டுபோனவன் என் மாப்பிள்ளை ஒருத்தன்தான்! அங்கே ஒருத்தன் கொக்கியைத் தூக்கிட்டு வர்றான். என் மாப்பிள்ளை சும்மா இருப்பானா? பாய்ஞ்சு வந்து கொக்கியைப் பிடுங்கினான் பாருங்க..."

"கொக்கியை யாருங்க பிடுங்கினா?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"ஷ்ஷ்... நான்தான் பிடுங்கினேன்" என்றான் ஐஸ்பெட்டி.

"உள்ளே போங்க, சாப்பாடு ஆறுது."

"ஆறட்டும்டி. நான் உள்ளே போனா வாயை மூடிக்குவாரு."