மாப்பிள்ளை வீட்டு வீடியோ கால்

மலர்விழிக்குத் திண்டிவனத்தில் ஒரு மாடி அறையும் ஒரு போனும்தான் ஆபீஸ். மனநலம் கெட்டவர்களையும் அவர்கள் வீட்டாரையும் வீடியோ காலில் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது அவள் தொழில். “போன்ல பேசினா பைத்தியம் தெளியுமா?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி ஓடியவர்களை அவளுக்குத் தெரியும். போன் என்றால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.

கதவைச் சாத்தினால் ஊர் சும்மா இருக்குமா? அங்கேதான் வந்தது வினை.

மயிலம் பக்கத்தில் விருத்தாசலம் என்றொரு மல்லாட்டை விவசாயி. அவர் மகள் சங்கவி காலேஜை விட்டு வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. மலர்விழி கேட்டதற்கெல்லாம் அப்பாதான் பதில் சொல்வார். கலைந்த தலையும் கசங்கிய நைட்டியுமாகச் சங்கவி ஓரத்தில் இருப்பாள். திடீரென்று ஒரு வாரம் தலை பின்னி, மல்லிகை வைத்து, புதுச் சுடிதாரில் வந்து உட்கார்ந்தாள். அடுத்தடுத்த வாரமும் அப்படியே. தன்னைக் கவனித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள் என்று மலர்விழிக்குத் தலைகால் புரியவில்லை. “சங்கவி நல்லா தேறிட்டா” என்று வாய் நிறையச் சொன்னாள். படித்தவள்தான், ஆனாலும் அவசரக்குடுக்கை.

போன வாரம் போனை எடுத்தது சங்கவியின் அம்மா அஞ்சம்மாள். மகளும் பக்கத்தில் இருந்தாள்.

“இனிமே கால் வாணாம் மேடம். வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க.”

“இப்பவா? எப்படிம்மா?”

“வாராவாரம் கதவ சாத்திக்கினு இன்னா பேசறீங்கன்னு தெருவே கேட்டுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வெளியூரு, போன்ல பாக்கறாங்கன்னு சொல்லிட்டேன். எவளாச்சும் எட்டிப் பாத்தா நம்பணுமே, அதான் நானே இவளுக்குத் தல வாரி பூ வெச்சி உக்கார வெச்சேன். அந்தப் பேச்சு பரவி, நெசமாவே ஒரு எடம் வந்துடுச்சு.”

“அம்மா, அவசரப்படாதீங்க. அவ இன்னும் தேறல.”

“தேறிட்டான்னு நீங்கதான சொன்னீங்க?”

மலர்விழிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“பேச்ச வளக்காத, கட் பண்ணு” என்று விருத்தாசலத்தின் குரல் கேட்டது. அஞ்சம்மாளின் விரல் திரைக்கு வந்தது. அந்தக் கையைச் சங்கவி பிடித்துக்கொண்டாள். இத்தனை வாரத்தில் அவள் குரலை மலர்விழி கேட்டது அப்போதுதான்.

“நான் தேறலக்கா. இவங்ககிட்ட சொல்லுங்க.”