எட்டாம் இலக்கத்தின் மருத்துவச் சான்றிதழ்

கடந்த மாதம் நகரசபைக்குப் போய் என் குடும்ப நிலைச் சான்றிதழை எடுத்தேன். ஒரே வீட்டில் பதிவாகியிருப்பவர்களின் பெயர்களை வரிசையாகத் தரும் தாள் அது. என்னுடையதில் ஒரு வரிதான் இருந்தது. மனைவியின் வரி பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. மகளின் வரி அவள் இத்தாலியின் வடக்கே பதிவை மாற்றியபோது போனது. மிச்சமிருந்த வெள்ளைப் பகுதியில் குறுக்காக ஒரு கோடு அடித்து முத்திரை குத்தியிருந்தார்கள். பிறகு யாரும் அதில் எதையும் சேர்த்து எழுதக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வார்கள். எந்த நடைமுறைக்கும் காரணம் எனக்குத் தெரியும். எனக்கு நேர்ந்த கெடுதல்களில் பாதி அதனால் வந்தது.

அதே வாரம் மகளிடமிருந்து செய்தி வந்தது. "அப்பா, எங்கடை ரீம் மாணவர் போட்டிக்குப் பலேர்மோ வருது. ரெண்டு நாள். நீங்கள் வேலை செய்த அதே ஜிம்தான். நானும் வாறன்."

வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் கரப்பந்து அணிக்கு அவள் உதவிப் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பாள். அங்கே மழையா, இஞ்சை வெயிலா, மருந்து எடுத்தீங்களா. ஏழு வருடமாக இந்த மூன்று தலைப்புகளை விட்டு நாங்கள் வெளியே போனதில்லை. ஏன் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது முழுவதும் அவளுக்குத் தெரியாது. அதை இந்த இரண்டு நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். பலேர்மோவுக்கு வந்து, சிஞ்ஞோரா என்று அழைக்கும் ஒரு இத்தாலியச் சீமாட்டி வீட்டில் நிலம் துடைத்தேன். அவருடைய தம்பி இங்குள்ள பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் கழகத்தில் செயலாளர். "இவன் துவாய்களை நிறவாரியாக மடிக்கிறான்" என்று சிஞ்ஞோரா அவரிடம் சிபாரிசு செய்தார். இரண்டு பட்டப் பரீட்சைகளில் தேறியவனுக்கு அந்தச் சிபாரிசுதான் வேலை வாங்கித் தந்தது. பொருளறைக்குப் பொறுப்பாளன் ஆனேன். ஓய்வு பெறும்வரை அதுவாகவே இருந்தேன்.

அங்கே இரண்டு வகை அணிகள். மாணவர் போட்டிகளில் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுமக்கும் அணிகளுக்கு முத்திரை பதித்த நீலச் சட்டை. நகரத்து லீக்கில் ஆடும் கழக அணிகளுக்கு ஒரு ரயர்க் கடையின் பெயர் போட்ட, வெளுத்த சட்டை. பெரும்பாலும் ஒரே பெண்கள்தான் இரண்டிலும் ஆடினார்கள். ஆனால் கோப்புகள் இரண்டு, அட்டைகள் இரண்டு. இரண்டிலும் ஒரு வருடம் மட்டும் செல்லும் மருத்துவச் சான்றிதழ் இருக்க வேண்டும். அது இல்லாதவரின் பெயர் அணித்தாளில் ஏறக் கூடாது. கையெழுத்தில்லாமல் நான் ஒரு பந்தும் கொடுக்க மாட்டேன் என்பதால் பெண்கள் என்னை ரஜியோனியேரே, அதாவது கணக்காளர் என்று கூப்பிட்டார்கள்.

"ரஜியோனியேரே, பந்துக்குக் காற்று அடிக்கவும் கையெழுத்து வேணுமா?"

"காற்றுக்கு வேண்டாம். பம்புக்கு வேணும்."

மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடமே கரப்பந்து அணிக்குத் தெரிவானாள். அன்று வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அப்பா, அங்கை நீங்கள் எனக்கு அப்பா இல்லை, சரியோ? உங்களாலைதான் எடுத்தவை எண்டு கதைப்பினம்."

"சரி" என்றேன். மறைப்பது சுலபம். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் தகப்பனாரின் பெயர். அவளுடையதில் என் பெயர். இத்தாலியக் கோப்புகளைப் பொறுத்தவரை நாங்கள் இரண்டு அந்நியர். என் பெயரை அங்கே ஒருவரும் சொல்வதுமில்லை. அவள் சட்டையில் இருந்த எண்ணால் எட்டாம் இலக்கம், நான் ரஜியோனியேரே. காலையில் வீடு இருந்த பிரான்காச்சோவில் ஒரே பஸ்ஸில் ஏறி, மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறங்கி, வேறு வேறு பஸ்களில் போவோம். இரண்டு வருடம் அப்படி நடந்தது.

சான்றிதழ் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒவ்வொருவருக்கும் கடிதம் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது என் வழக்கம். மின்னஞ்சல் அனுப்பினால் கிடைக்கவில்லை என்பார்கள். கையெழுத்தை அப்படிச் சொல்ல முடியாது. அவளுடைய மூன்றாம் வருடம் பன்னிரண்டு கடிதம் அச்சடித்தேன். பதினொன்றைக் கொடுத்தேன். பன்னிரண்டாவதை, வீட்டில்தானே கொடுக்கப் போகிறேன் என்று மழைக்கோட்டின் உள்பையில் வைத்தேன். வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. கோட்டைக் கையில் மடித்துக்கொண்டு போய் அலுமாரியில் தொங்கவிட்டேன்.

நீல அணியின் பெரிய ஆட்டம் வந்தது. வென்றால் வடக்கே தேசியப் போட்டி. அணிப் பொறுப்பாளனாக, அணியினர் உட்காரும் வாங்கில் இருந்தது நான்தான். நடுவரின் மேசையில் அட்டைகளையும் சான்றிதழ்களையும் அடுக்கினேன். எட்டாம் இலக்கத்தின் சான்றிதழ் முந்திய நாளோடு முடிந்திருந்தது.

பயிற்சியாளர் குனிந்து பார்த்தார். அவர் உரத்த குரல்காரி. அன்று மெதுவாகக் கேட்டார்.

"ரஜியோனியேரே, ஒரு நாள்தானே. யார் பார்க்கப் போகிறார்கள்?"

"நான் பார்த்துவிட்டேன்."

"அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க எங்களுக்கு இருக்கிற ஒரே நல்ல செற்றர் அவள். கடவுளே, ஒரு தடவையாவது உங்கள் கண் மங்கலாகாதா?"

அப்போது மகள் என் அருகே வந்து நின்றாள். பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். தமிழில், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்பா, ஒரு நாள்தானே அப்பா."

அந்தக் கட்டடத்துக்குள் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அணித்தாளில் அடிமட்டத்தை வைத்து அவள் பெயரின் மேல் கோடு இழுத்தேன். கோடு நேராக இருந்தது.

"என்ன கேட்கிறாள்?" என்றார் பயிற்சியாளர்.

"தண்ணீர் கேட்கிறாள்" என்றேன்.

ஒரு பெண் ஓடிப்போய்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்தாள். பிறகு மேலே போய்ப் பார்வையாளர் படிகளில் மூன்றாம் வரிசையில் தனியே உட்கார்ந்தாள்.

தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைத் திட்டியிருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும். ஆனால் வென்றோம். அவளுக்குப் பதிலாக இறங்கிய பெண் நன்றாக ஆடினாள். தேசியப் போட்டிக்கும் அவளையே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோடையிலேயே என் மகள் மேல்படிப்புக்கு வடக்கே விண்ணப்பித்தாள். அந்தப் படிவத்தையும் நான்தான் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு முதல் மழைக்குக் கோட்டை எடுத்தபோதுதான் உள்பையில் கடிதம் இருந்தது. அன்றிலிருந்து அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினொரு கையெழுத்து, ஒரு வெற்றுக் கட்டம். வேறு எவனாவது அப்படி விட்டிருந்தால் மூன்று பக்கத்தில் அறிக்கை எழுதியிருப்பேன்.

போட்டியின் முதல் நாள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கதவடி மேசையில் இருந்த புதுப் பையன் எந்த அணியின் உறவினர் என்று கேட்டான். பொதுமக்கள் என்று எழுதச் சொன்னேன். பழக்கம்.

மகளின் அணி அன்றைய ஆட்டத்தில் தோற்றது. ஹோட்டலுக்கு அவர்களின் பஸ் புறப்படப் பத்து நிமிடம் இருந்தது. கோப்பி இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துக் கடிதத்தை நீட்டினேன்.

"இது உனக்குத் தரவேண்டியது. அப்ப தரேல்லை. கோட்டுக்குள்ளை இருந்திட்டுது. உன்ரை பிழை இல்லை, என்ரை பிழை."

அவள் உறையைக் கிழித்து வாசித்தாள். திடீரென்று சிரித்தாள்.

"'மதிப்புக்குரிய வீராங்கனையே' எண்டு போட்டிருக்கிறியள்."

"எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"ஓம், உங்களுக்கு எல்லாரும் ஒண்டுதான்." கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "அப்பா, என்ரை சான்றிதழ் முடியிற திகதியை நானும் பாத்திருக்கலாம். எனக்குக் கோபம் அதிலை இல்லை."

"பின்னை?"

"தண்ணி."

இயந்திரம் யாருக்கோ கோப்பி ஊற்றி முடித்தது.

"நீதானே ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டனி" என்றேன்.

"ஓம், நான்தான் சொன்னனான். ஆனா அண்டைக்குக் கூப்பிட்டதும் நான்தானே. நீங்கள் என்ரை பேரை வெட்டினதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. வெட்டிப்போட்டு, இது என்ரை பிள்ளை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, தாகமில்லாமல் ஒரு போத்தல் தண்ணி குடிச்சன்."

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. கடிதத்தை என் கையில் திருப்பித் தந்தாள். "கோப்புக்குள்ளை வையுங்கோ. நாளைக்குப் பத்து மணிக்கு ஆட்டம். வாறதெண்டால் வாங்கோ."

"சாப்பாடு ஏதும் செய்து கொண்டரட்டோ?"

"வேண்டாம் அப்பா. ஹோட்டலிலை இருக்கு."

இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த இறாலைச் சமைத்தேன். ஒருவர் சாப்பிட்டு முடிக்கக்கூடிய அளவு இல்லை. மூடி வைத்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கே போய்விட்டேன். என் பழைய பொருளறை வாசலில் அதே பயிற்சியாளர், தலை நரைத்து, பந்துப் பையை இழுத்துக்கொண்டு நின்றார்.

"ரஜியோனியேரே! ஓய்வு சலித்துவிட்டதா? யாருக்காக வந்தீர்கள், எங்களுக்கா, எதிரிக்கா?"

"எதிரிக்கு. அவர்களின் உதவிப் பயிற்சியாளர் என் மகள்."

அவர் திரும்பி மைதானத்தைப் பார்த்தார். தூரத்து வலைக்கு அருகே மகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் அணிக்குப் பந்துகளை எறிந்துகொண்டிருந்தாள்.

"அவளா? அவள் எங்கள் எட்டாம் இலக்கம் அல்லவா? அன்றைக்குத் தண்ணீர் கேட்டவள்?"

"அவள் தண்ணீர் கேட்கவில்லை. என்னை அப்பா என்று கூப்பிட்டாள். தண்ணீர் என்று சொன்னது நான்."

பயிற்சியாளர் பையின் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். நடுவரின் விசில் கேட்டது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். உள்ளே பந்துகளின் சத்தம். மகளுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஏழு வருடம் பிந்திக் கிடைத்த விண்ணப்பத்தை, அவள் இடத்தில் நானாக இருந்தால், ஏற்றிருக்க மாட்டேன்.

படியேறி மூன்றாம் வரிசைக்குப் போய், அன்று அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். அத்தனை வருட வேலையில் அங்கே நான் ஒருநாளும் இருந்ததில்லை. அங்கிருந்து ஆட்டம் சரியாகத் தெரியாது. ஒரு தூண் வலையின் பாதியை மறைக்கிறது. ஆனால் அணிப் பொறுப்பாளனின் வாங்கு முழுவதும், நான் இருந்த மூலை உட்பட, மிகத் தெளிவாகத் தெரிகிறது.