ஒன்பது பதினாறு ஸ்பேனர்

அன்று நான் குடித்திருக்கவில்லை. தூக்க மாத்திரை போடவில்லை. நேரமும் நடுராத்திரி இல்லை. சாயங்காலம் ஐந்தே முக்கால். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரேடியோவில் பனி நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு கையிலும் பிசைந்த மாவு ஒட்டியிருந்தது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

என் பெயர் நோரீன். மிச்சிகனில், பே சிட்டிக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே தனி வீடு. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தேன். என் கணவன் லைல், குளிர்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டியவன்.

அவனிடம் ஒரு கார் இருந்தது. கார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. 1969-ஆம் வருஷத்துப் போன்டியாக் ஜி.டி.ஓ. பெரிய எஞ்சின் வைத்து, கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும் வகை. ஆனால் லைல் அதை வாங்கியபோது அது தன் சக்கரத்தில்கூட நிற்கவில்லை. 1999-ல், ஃபிளின்ட் பக்கம் ஒரு விதவையிடம் வாங்கினான். கூடு ஒரு லாரியில் வந்தது. மிச்சமெல்லாம் காபி டப்பாக்களில் வந்தது.

"ரெண்டே வருஷம், நோரீ. மூணாவது வருஷம் உன்னைப் பக்கத்துல உக்கார வச்சு ஏரிக்கரை வரைக்கும் ஓட்டறேன்" என்றான்.

பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

தினமும் சாப்பிட்டு முடித்ததும் கராஜுக்குப் போய்விடுவான். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் நுழைந்துவிடுவான். பிறகு அங்கிருந்து சத்தம் வரும். "நோரீ! அரை இஞ்ச்!" நான் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு ஓடுவேன். காருக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீளும். உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். ஸ்பேனரை வைப்பேன். என் விரலை ஒரு நொடி அழுத்திவிட்டுக் கை உள்ளே போய்விடும். அவனுக்கு நன்றி சொல்லத் தெரியாது. அந்த அழுத்தம்தான் நன்றி.

"நீ பேசாம இந்தக் காரையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பேன்.

"கேட்டேன். அது மாட்டேன்னுடுச்சு. அதான் உங்கிட்ட வந்தேன்" என்று அடியிலிருந்து பதில் வரும்.

2018, அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளாக அவனுக்கு நெஞ்சில் ஏதோ அடைப்பதுபோல இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று காலையிலிருந்து சொன்னேன்.

"கியர்பாக்ஸை ஏத்திடறேன். நாளைக்குப் போலாம்."

"அந்த இரும்புக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லை."

"சும்மா கத்தாத, நோரீ."

கராஜுக்குப் போய்விட்டான். நான் டி.வி.யைப் போட்டு உட்கார்ந்தேன். 7.20-க்குக் குரல் வந்தது. "நோரீ! ஒன்பது பதினாறு!" ஒரு இஞ்சில் பதினாறில் ஒன்பது பங்கு, அரை இஞ்சுக்கு அடுத்த அளவு ஸ்பேனர் அது. நான் அசையவில்லை. அவனே எழுந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டான். இந்த முறை ஸ்பேனர் கேட்கவில்லை. என் பெயரை மட்டும் சொன்னான். மெதுவாக.

நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

7.45-க்குப் போய்ப் பார்த்தேன். காருக்கு அடியிலிருந்து கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது.

ஜனவரி பிறந்ததும் காரை விற்க விளம்பரம் கொடுத்தேன். 'முடிக்காத வேலை. பாகங்கள் டப்பாக்களில் உள்ளன' என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கார் விக்கறீங்களா, விடுகதை விக்கறீங்களா?" என்று சிரித்தார். அவருக்குக் கதவைக் காட்டினேன்.

கர்ட் அப்படி இல்லை. ஒஹாயோவிலிருந்து வந்திருந்தான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கராஜுக்குள் வந்தான். குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தான்.

"இவ்வளவு பொறுமையா யார் பண்ணாங்க, அம்மா?"

"என் வீட்டுக்காரர்."

"நான் இதை முடிச்சு ஓட்டுவேன். சத்தியமா."

அவனுக்கே கொடுப்பது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலை இழுவை வண்டியோடு வருவதாகச் சொன்னான்.

அவன் வந்து பார்த்துவிட்டுப் போன ராத்திரியிலிருந்துதான் சத்தம் ஆரம்பித்தது. சிமென்ட் தரையில் சக்கரம் உருளும் சத்தம். கர்ர்ர்... நிற்கும். மறுபடியும் கர்ர்ர்... எலி என்று நினைத்தேன். காற்று என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகை காருக்கு அடியில் கிடந்தது. சாய்த்து வைத்தது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜனவரி 18, வெள்ளிக்கிழமை. மறுநாள் கர்ட் பசியோடு வருவானே என்று ஆப்பிள் பைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. கடிகாரத்தில் 5.45.

டக்... டக்... டக்.

இரும்பைச் சிமென்டில் தட்டும் சத்தம். மூன்றே தட்டு.

ரேடியோவை அணைத்தேன்.

டக்... டக்... டக்.

லைல் கத்துவான். தட்டமாட்டான். இறந்தவனுக்குக் குரல் ஏது, அதனால் தட்டுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது. ஆனால் கால் தானாக நடந்தது. ஒருமுறை கூப்பிட்டு நான் போகவில்லை. இந்த முறையும் போகாமல் இருக்க முடியுமா?

கராஜ் கதவைத் திறந்தேன்.

காருக்கு அடியில் கைவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் வெளிச்சம். அதன் வயர் என் காலடிவரை வந்து கிடந்தது. பிளக் எதிலும் சொருகியிருக்கவில்லை.

வாயிலிருந்து புகை வரும் குளிர். ஆனால் காருக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. ஆள் மூச்சு விடுவதுபோல.

"லைல்?"



கர்ர்ர்...

கை நீண்டது.

கறுத்துப்போன தோல் கையுறை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

லைல் கையுறை போட்டதே இல்லை. போட்டால் போல்ட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது என்பான். அதுவும் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் நான் வேறு யாரையும் நினைக்க விரும்பவில்லை. குளிர்கிறதுபோல, பாவம் என்றுதான் நினைத்தேன்.

என்ன அளவு என்று நான் கேட்கவில்லை. சுவரில் தொங்கிய ஒன்பது பதினாறை எடுத்தேன். அது மற்ற ஸ்பேனர்களில் இடித்துக் கணகணவென்றது.

குனிந்து... அந்த உள்ளங்கையில் வைத்தேன்.

விரல்கள் மூடின.

கை உள்ளே போயிற்று.

கிரீச்... கிரீச்... கிரீச்...

போல்ட் இறுகும் சத்தம்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக உள்ளே கிடந்தது அப்படியே வெளியே வந்தது.

"கேட்டுச்சு, லைல். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு வாட்டியும் கேட்டுச்சு. கோவத்துல வரலை. என்னை மன்னிச்சிடு... மன்னிச்சிடு..."

கிரீச் சத்தம் நின்றது.

கை மறுபடியும் நீண்டது. இந்த முறை எதையும் கேட்கிற மாதிரி இல்லை.

பிடித்தேன்.

அது என் கையை இறுக்கிப் பிடித்தது. ஒரு நொடி இல்லை. நெடுநேரம். கையுறையின் ஓரம் காலியாக, தட்டையாக இருந்தது. இறந்த பிறகு உடம்பு மெலியும்போல என்று நினைத்து இன்னும் அழுதேன்.

பிறகு விளக்கு அணைந்தது.

என் கையில் மாவு மட்டும் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் 6.12. பெரிய விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். பலகை மட்டும் கிடந்தது. ஸ்பேனரைக் காணவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி, அக்டோபருக்குப் பிறகு முதல்முறையாக நான் விடியும்வரை தூங்கினேன்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கர்ட் வந்தான். விற்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, லைல் என்னை மன்னித்துவிட்டான், அவன் கிளம்பட்டும், நான் ஏன் பிடித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. காரை இழுவை வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். அதன் கூரையில் கை வைத்து, "போய்ட்டு வா" என்றேன். கர்ட் கேட்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல பிள்ளை.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். மனசுக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. கர்ட்டின் மனைவி ஜோலீன். குரல் கிசுகிசுவென்று இருந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு இடது கையில எத்தனை விரல்?"

"என்ன கேள்வி இது? அஞ்சு விரல்தான்."

மறுமுனையில் அவள் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஜோலீன்?"

"கர்ட் நைட் ஷிஃப்டும்மா. இன்னும் வரலை. ஆனா ரெண்டு வாரமா காருக்கு அடியிலேருந்து யாரோ தட்டறாங்க. நேத்து நான் போய்ப் பாத்தேன். கை வந்துச்சு. கையுறையில சுண்டு விரலையும் மோதிர விரலையும் மடக்கித் தைச்சிருந்துது. அந்த ரெண்டு விரலும் இல்லைம்மா..." அவள் அழ ஆரம்பித்தாள். "உங்க வீட்டுக்காரர் இல்லைன்னா, கீழ படுத்திருக்கறது யாரு?"



லைலின் காகிதங்களில் பழைய விற்பனைச் சீட்டைத் தேடி எடுத்தேன். 1999. விற்றவர் பெயர் ஆர்டிஸ். அந்த ஊர்ச் சர்ச்சில் விசாரித்தேன். உயிரோடு இருந்தாள். எண்பத்து நாலு வயது. முதியோர் இல்லத்தில் இருந்தாள். போனை அவள் காதில் யாரோ வைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் போன்டியாக்கை வாங்கினவரின் மனைவி என்று சொன்னேன். லைல் அதன் அடியிலேயே இறந்ததையும் சொன்னேன். அவள் புருஷனின் கையைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு அது விநோதமாகவே படவில்லை.

"ஹோலிஸோட கையா? ரெண்டு விரல் போயிடுச்சு. தொழிற்சாலையில, பிரஸ்ல மாட்டி. கையுறையை நான்தான் தைச்சுக் குடுப்பேன். இல்லைன்னா போல்ட்ல சிக்கிக்கும்."

"அவர் எப்படி...?"

"ஜாக்கி நழுவி, கார் அவன் மேல இறங்கிடுச்சு. தொண்ணூத்தாறுல. நான் கடைக்குப் போயிருந்தேன், ரெண்டு மணி நேரம். அவன் கத்தி கூப்பிட மாட்டான். தரையில மூணு தட்டு தட்டுவான், நான் ஓடுவேன். அன்னிக்கும் தட்டியிருப்பான். எவ்வளவு நேரம் தட்டினானோ..."

மூச்சு வாங்கினாள். பிறகு, தூரத்தில் இருக்கும் சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"உங்கிட்ட ஏதாவது கேட்டானா?"

"ஸ்பேனர் கேட்டார்."

"குடுத்தியா?"

"குடுத்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டார். ரொம்ப நேரம்."

அவள் அழுதாளா, சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. "நல்லவேளை... நல்லவேளை யாரோ போனீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றே ஜோலீனைக் கூப்பிட்டு, "பயப்படாதே. நீட்டினா எதையாவது குடுத்துடு" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் மறுபடி கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் கேட்ட மன்னிப்பு வேறு ஒருத்தியின் புருஷனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவரும் என்னை ஆர்டிஸ் என்றுதான் நினைத்திருப்பார்.

அன்று போனை வைக்கும் முன் ஆர்டிஸ் இன்னொன்றும் கேட்டாள். வயசானவள், விகல்பம் இல்லாமல்தான் கேட்டாள்.

"ஆமா, உன் வீட்டுக்காரனும் அந்தக் கார் அடியிலதானே செத்தான்? அவன் வரலையா?"

இல்லை என்றேன்.

ஒரு தடவைகூட வரவில்லை.